ஏற்காட்டு மலை அடுக்கைக் கண்ணாடியில் செய்வது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏதாவது ஒன்றில் இறங்கி நின்று பாருங்கள். கிட்டத்து மலை கரும்பச்சை, அடுத்தது நீலம், கடைசி மலை வானத்தோடு கரைந்த சாம்பல். இந்த அடுக்கைத்தான் நான்கு துண்டுக் கண்ணாடியில் கொண்டுவரப் போகிறோம். கிட்டத்துக்கு அடர்ந்த நிறம், தூரத்துக்குப் பால் கலந்த மாதிரி மங்கலான கண்ணாடி. 3 மி.மீ. தடிமன் போதும்.

தாளில் மலைக்கோடுகளை வரைந்து எண் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி வெட்டும் கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இழுப்பு. 'கிர்ர்' என்று சீராகக் கேட்க வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி இழுத்தால் கட்டரும் போச்சு, கண்ணாடியும் போச்சு. கண்ணுக்குக் கவசம் கட்டாயம்.

நான் மாட்டிக்கொண்டது இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில். கோடு போட்டு, இடுக்கியால் பிடித்து ஒரேயடியாக இழுத்தேன். விரிசல் நேராக ஓடி மலையே இரண்டாகிவிட்டது. இப்படி மூன்று மலை போன பிறகுதான் வழி பிடிபட்டது. முதலில் பள்ளத்தின் கோட்டைப் போட்டு, அடியிலிருந்து மெல்லத் தட்டி விரிசலை ஓடவிடுங்கள். அப்புறம் பள்ளத்துக்குள் பிறை பிறையாக மூன்று நான்கு கோடுகள் போட்டு, வெளி ஓரத்துப் பிறையில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மேல்பாகம் ஏறக்குறைய சமவெளிதான். ஆழமான பள்ளமும் கூர்முனையும் நாமாகக் கூட்டுவது. முதல் தடவை கூட்டாதீர்கள்.

ஓரங்களை ஈரம் வைத்துத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் காப்பர் டேப்பை (பசையுள்ள மெல்லிய செம்பு நாடா) சுற்றி, ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பொருள்) தடவி, துண்டுகளைச் சேர்த்து வைத்துச் சால்டர் செய்ய, அதாவது உலோகக் கம்பியை உருக்கி ஒட்ட வேண்டியதுதான். ரேடியோ ரிப்பேருக்கு வாங்கிய 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்கு உதவாது. 80 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். சால்டரில் ஈயம் இருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

பின்சேர்க்கை: டேப் உரிந்து வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கட்டர் எண்ணெயைக் கழுவாமலே ஒட்டியிருக்கிறார். இன்னொருவர் இருப்பது ஏற்காட்டில்; பனிமூட்டத்தில் குளிர்ந்த கண்ணாடி மேல் ஈரம் படிந்திருக்கிறது. வெயில் வந்த பிறகு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஹேர் டிரையர் காட்டுங்கள். தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் மறுபடி சோப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.