பைக் லைசன்ஸ்: எட்டு போட்டா மட்டும் பத்தாது

தமிழ்நாட்டுல புதுசா பைக் லைசன்ஸ் எடுக்கப் போறவங்களுக்கு இது. ஆர்டிஓ ஆபீஸ் வேலை சிம்பிள்தான், போக்குவரத்து துறையோட பரிவாகன் சைட்ல சாரதிங்கற பகுதிக்குள்ள போய் எல்எல்ஆர் (வண்டி பழகுறதுக்கான லைசன்ஸ்) போடணும், நமக்கு வரலன்னா இ-சேவை மையத்துல போட்டுத் தருவாங்க. கியர் வண்டிக்கு 18 முடிஞ்சிருக்கணும். 16 வயசுலயே எடுக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க, அது 50 சிசிக்குள்ள இருக்குற கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், ஆக்டிவா, ஜூபிடரெல்லாம் அதைத் தாண்டின வண்டி. 18 ஆகாத பையன்கிட்ட சாவிய குடுக்குற அப்பாக்களுக்கு, 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 25,000 ரூபா ஃபைன், 3 வருஷம் வரை ஜெயில், பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசன்ஸே கிடையாது.

எல்எல்ஆர் 6 மாசம் செல்லும், 30 நாள் கழிச்சுதான் டெஸ்டுக்கு போகலாம். அந்த 30 நாளை சும்மா விட்றாதீங்க, உண்மையான படிப்பே அதுதான். வண்டில முன்னாடியும் பின்னாடியும் எல் போர்டு ஒட்டிட்டு, நல்லா ஓட்டத் தெரிஞ்ச, லைசன்ஸ் இருக்குற அண்ணனோ மாமாவோ கூட வரணும், பிரண்டை பின்னாடி ஏத்திட்டு ஊர் சுத்துறதெல்லாம் கூடாது.

முதல்ல கிளட்ச். காலி கிரவுண்டுல ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஆக்சிலேட்டரே குடுக்காம கிளட்ச்ச மெதுவா விடுங்க, ஒரு இடத்துல வண்டி லேசா இழுக்கும் பாருங்க, அந்த இடத்தை இடது கைக்கு பழக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. டெஸ்ட்ல எட்டு போடுறதும், அதாவது கால் ஊனாம 8 வடிவத்துல ஓட்டிக் காட்டுறதும், இதை வச்சுதான். ஹாஃப் கிளட்ச் (கிளட்ச்ச பாதி விட்டுப் பிடிக்கிறது), கொஞ்சமா ஆக்சிலேட்டர், பின் பிரேக்குல கால் லேசா, முட்டி ரெண்டும் டேங்க்கை அணைச்ச மாதிரி. பார்வை முன் சக்கரத்து மேல போச்சுன்னா கால் தன்னால கீழ வந்துரும், கால் ஊனுனா ஃபெயில். அடுத்து எங்க திரும்பணுமோ அங்க தலைய திருப்பிப் பாருங்க, வண்டி பின்னாடியே வரும். ஹேண்டில் திரும்பி இருக்கும்போது முன் பிரேக்கை தொடவே கூடாது, அப்படியே சாய்ச்சுரும்.

இதனாலதான் நம்ம ஊர்ல பாதிப் பேர் முன் பிரேக்குக்கு பயந்து பின் பிரேக்க மட்டுமே மிதிக்கிறாங்க, இது ரொம்ப தப்பு. பிரேக் அடிச்சதும் வெயிட் எல்லாம் முன்னாடி வரும், அதனால முன் டயருக்குத்தான் பிடி ஜாஸ்தி. நேர் ரோட்ல 20, 30 கிலோமீட்டர் ஸ்பீட்ல ரெண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை சடார்னு பிடிக்காம அழுத்தி அழுத்தி பிடிச்சு நிறுத்திப் பழகுங்க. டெஸ்ட்ல இதை யாரும் பெருசா பாக்க மாட்டாங்க, ஆனா ஷேர் ஆட்டோ திடீர்னு ஓரங்கட்டும்போது உங்கள காப்பாத்தப் போறது இதுதான். மணல் கிடக்குற திருப்பம், மழை ஆரம்பிச்ச முதல் கொஞ்ச நேரம் (ரோட்ல இருக்குற ஆயில் எல்லாம் மேல வந்து வழுக்கும்), வெள்ளைக்கோடு, இங்கெல்லாம் முன்கூட்டியே ஸ்பீடை குறைச்சுக்கோங்க.

ஹெல்மெட் ரோட்டோரத்துல 200 ரூபாக்கு வாங்காதீங்க. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 நம்பரும் பாருங்க, மாட்டி தலைய ஆட்டுனா ஹெல்மெட் தனியா ஆடக் கூடாது, ஸ்ட்ராப் போடலன்னா அது ஹெல்மெட்டே இல்ல. பின்னாடி உக்கார்றவங்களுக்கும் சேர்த்துதான் சட்டம்.

டெஸ்டுக்கு போறப்ப எல்எல்ஆர், வண்டியோட ஆர்சி, இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட் எல்லாம் கரெக்டா இருக்கணும், கை சிக்னல் காட்ட மறக்காதீங்க. ஈஸியா இருக்குன்னு ஸ்கூட்டர்ல டெஸ்ட் குடுத்தா கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசன்ஸ் வரும், அப்புறம் புல்லட் வாங்குனா மறுபடி மொதல்லேர்ந்து அலையணும், அதனால கியர் வண்டிலயே குடுத்துருங்க.