கொழும்பு வந்த கையோடு சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்திருப்பவர்களுக்குச் சிகரெட்டை விட இது நல்ல நேரம். பழைய டீக்கடை இல்லை, சேர்ந்து நின்று பற்றவைக்கிற பழைய கூட்டாளியும் இல்லை. புதுக் கூட்டாளி சேர்வதற்குள் தொடங்கிவிடுங்கள்.

முதலில் 1948-க்கு அழையுங்கள். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் உதவி எண் அது. தமிழில் பேச வேண்டும் என்று எடுத்தவுடனே சொல்லுங்கள்.

அப்புறம், சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கிற நிகோட்டின் சூயிங்கம். பலர் இதைச் சாதாரண சூயிங்கம் போலத் தொடர்ந்து மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நானும் என் முதல் பெட்டியை அப்படித்தான் பாதியில் விட்டேன். மெதுவாக மெல்லுங்கள், மிளகு கடித்தது போலக் காரம் தட்டியதும் நிறுத்தி, வெற்றிலையை ஒதுக்குவது போலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். மருந்து வாய்க்குள்ளேயே இரத்தத்தில் சேர வேண்டும், விழுங்கினால் பயன் குறைவு. தேத்தண்ணியோ சோடாவோ குடித்தால் 15 நிமிடம் பொறுத்துத்தான் வாயில் போட வேண்டும். இங்கே மணிக்கொரு பிளேன்டீ நீட்டுவார்கள், அதனால் இதை மறந்துவிடாதீர்கள். கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுகிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2.

தோலில் ஒட்டுகிற நிகோட்டின் பேட்ச் என்றால், நாளுக்குப் 10 சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவர் 21 மில்லிகிராமில் தொடங்கி 14, 7 என்று இறங்குவார். தினமும் தோலில் வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். பேட்சோடு சூயிங்கமும் சேர்ந்தால் பலன் கூடுதல்; அளவைப் பார்மசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புப்ரோபியான், வரெனிக்லின் இரண்டும் நிகோட்டின் இல்லாத மாத்திரைகள். டாக்டரைப் பார்க்காமல் வேண்டாம். சிகரெட்டை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டியவை இவை. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. இதய நோய் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் எந்த மருந்துக்கும் முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இ-சிகரெட்டை மாற்றாக நினைத்துக்கொண்டு வராதீர்கள், இலங்கையில் அதன் விற்பனைக்குத் தடை.

மருந்து பொதுவாக 8 முதல் 12 வாரம் தேவைப்படும். முதல் வாரம் சும்மா எரிச்சல் வரும், தூக்கம் கெடும். சாயங்காலம் காலிமுகத்திடலில் நடந்துவிட்டு வாருங்கள். நடுவில் ஒன்று பிடித்துவிட்டாலும் மருந்தை நிறுத்தாமல், அன்றைக்கே மறுபடி 1948-ஐ அழையுங்கள்.