பழைய வெட் கிரைண்டரை மீண்டும் ஓடவைக்கும் முறை

கோயம்புத்தூரின் பழைய வெட் கிரைண்டர்கள் நீடித்து உழைப்பதற்கு முக்கியக் காரணம், கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தி, நாளடைவில் தேய்ந்துபோகும் கரித்துண்டு) தேவைப்படாத இண்டக்‌ஷன் மோட்டாரும் அதிலிருந்து கல்லைச் சுழற்றும் எளிய பெல்ட்டுமே ஆகும். இரண்டையும் கழற்றிப் பழுதுபார்க்க முடியும் என்பதால், பரணில் கிடப்பதை எடைக்குப் போடுமுன் சோதித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கல்லைக் கையால் சுற்றவும். இறுகியிருந்தால் பேரிங் மாற்ற வேண்டியிருக்கலாம். கல் தடையின்றிச் சுற்றியும், சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால், பெரும்பாலும் பழுது, மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெபாசிட்டரில்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், அதை மாற்றும் வேலையை எலெக்ட்ரீசியனிடம் விடுவதே முறை. பழைய கெபாசிட்டரின் மேல் அச்சிட்டுள்ள அதே மைக்ரோஃபாரட் (µF) அளவில் புதியதை வாங்கவும், எர்த் இணைப்பையும் அவரையே சரிபார்க்கச் சொல்லவும். மோட்டார் ஓடியும் கல் நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது வெடித்திருக்கும். பழைய பெல்ட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் வாங்குவது எளிது.

கல் வழவழப்பாகி மாவு சரியாக அரைபடாவிட்டால், கல் கொத்துபவரை அழைக்கலாம், ஆனால் இன்று அவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். கொத்திய பின், ஊறிய அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, மாவில் கல்தூள் நெருடுவது நிற்கும் வரை கொட்டிவிடவும்.