போர்க்காலக் கப்பல் சிதைவுகள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் மெந்தகாப் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து, தியோமான் தீவில் முக்குளிப்பு கற்ற இளைஞர்கள் சிலர் மூழ்கிய போர்க்காலக் கப்பல்களை ஆவணப்படுத்தும் பணிக்கு ஆர்வத்தோடு வருகிறார்கள். எங்கள் தலைமுறையினர் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். காற்றளவைக் கவனிப்பது போன்றவற்றைப் பயிற்சியிலேயே சொல்லித் தருவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொருளை மேலே கொண்டுவருவது

இன்றும் என்னைக் கொதிக்க வைக்கும் தவறு இதுதான். மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து எடுத்த வார்ப்பிரும்புக் கப்பி ஒன்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வார்னிஷ் பூசி, வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார் ஒரு தம்பி. "திருட்டுக் கும்பல் அள்ளிட்டுப் போறதுக்கு நம்மகிட்ட இருந்தா பத்திரமா இருக்கும் அண்ணே" என்றார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பழுப்பு நீர் கசிந்து, அடுக்கடுக்காக உரிந்து, அது துகளாகிவிட்டது.

கடலில் பல்லாண்டு கிடந்த இரும்புக்குள் குளோரைடு உப்பு ஊறியிருக்கும்; அது காற்றுபட்டு உலர்ந்ததும் உள்ளே உருவாகும் புதுத் துரு விரிந்து, பொருளையே பிளந்துவிடும். வார்ப்பிரும்பின் வெளிப்புறத்தில் இரும்பு கரைந்துபோக, பழைய வடிவத்தைத் தாங்கி நிற்பது மென்மையான கிராஃபைட் அடுக்கு மட்டுமே என்பதால், கம்பித் தூரிகை அந்த வடிவத்தையே சுரண்டி எடுத்துவிடுகிறது. எடுத்த கணம் முதல் காயவிடாமல், காரக் கரைசலில் மாதக்கணக்கில், பெரிய பொருளானால் ஆண்டுக்கணக்கில், ஊறவைத்து உப்பை வெளியேற்ற வேண்டும். அந்த வீட்டில் அதற்கு ஒரு தொட்டிகூட இல்லை.

திருட்டைப் பற்றிய அவருடைய அச்சம் நியாயமானது. 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் குவாந்தான் கடலில் மூழ்கடித்த பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் 840 பேர் மாண்டனர். அவற்றின் இரும்பையும் கொள்ளையர்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒரு பொருள் எந்த அறையில், எதன் அருகில் கிடந்தது என்பதே ஆய்வாளருக்குச் சான்று என்பதால், பதிவு செய்யாமல் எடுப்பவர் நல்லெண்ணத்தோடு எடுத்தாலும் இழப்பு ஒன்றுதான். இருந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் வழியாகக் கருத வேண்டும் என்கிறது நீருக்கடியிலுள்ள பண்பாட்டு மரபைக் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை. பிரின்ஸ் ஆப் வேல்ஸின் மணியை 2002இல் மேலே எடுத்தபோதும், உரிய அனுமதி பெற்று, அருங்காட்சியகத்தில் வைப்பதற்காகவே எடுத்தார்கள்.

இடவலம் குழம்புவது

பிரின்ஸ் ஆப் வேல்ஸ் ஏறத்தாழ 68 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் கிடக்கிறது. இத்தகைய சிதைவில் நம் கைப்பக்கத்தை வைத்து இடவலம் குறித்தால் வரைபடம் முழுவதும் பிழையாகும். முதலில் அடிமரத்தையும் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) சுழல்விசிறிகளையும் கண்டறிந்து, கப்பலின் பக்கங்களை அவற்றிலிருந்தே குறிக்க வேண்டும்.

ஒரே தடயத்தை வைத்துப் பெயரிடுவது

ஒரு பீங்கான் தட்டு கப்பலின் பெயரைச் சொல்லாது. கொதிகலனையும் இயந்திரத்தையும் அளவெடுங்கள்.

வெடிகுண்டுகள், எலும்புகள்

தொடவே கூடாது.

அறிவிக்காமல் இருப்பது

மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, நீருக்கடியில் மரபுப் பொருளைக் கண்டவர் இயன்ற விரைவில் மரபுடைமை ஆணையருக்கோ துறைமுக அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். முகநூலில் இடக்குறிப்போடு படம் போடுவது அறிவிப்பு ஆகாது. அது கொள்ளையருக்கே வழிகாட்டும்.