சின்ன லேப்டாப் நமக்குப் போதுமா? வாங்கும் முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

2009-ல் 10 அங்குல நெட்புக் (சின்ன, மலிவு லேப்டாப்) ஒன்று வாங்கினேன். பைக்குள் நோட்டுப் புத்தகம் மாதிரி அடங்கிவிடுகிறதே என்ற குஷியில் வாங்கியது. வீட்டுக்கு வந்து பிரிண்டர் மென்பொருளை நிறுவப் போனால் 'ஓகே' பொத்தானையே காணோம். திரையின் உயரம் 600 பிக்ஸல்தான், நிறுவல் பெட்டி அதைவிட உயரம். பொத்தான் திரைக்குக் கீழே எங்கோ கிடந்தது. டேப் விசையைக் குத்துமதிப்பாக நாலு தட்டு தட்டி, என்டர் அடித்து, சாமி மேல் பாரத்தைப் போட்டேன்.

2007-ல் ஆசுஸின் ஈ பிசி 7 அங்குலத் திரையோடு கிளப்பிவிட்ட மோகம் அது. இன்று நெட்புக் என்ற பெயரே வழக்கொழிந்துவிட்டது. அந்த இடத்தில் 11.6 அங்குல விண்டோஸ் லேப்டாப்பும், விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக்கும் உட்கார்ந்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

படி 1: என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்

மூன்று நாளைக்கு, கணினியில் திறக்கும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். மாதம் ஒருமுறை, வருடம் ஒருமுறை திறப்பவற்றையும் யோசித்துச் சேருங்கள். என் மச்சான் எழுதிய பட்டியலில் ஜிமெயில், யூடியூப், எக்ஸெல் மூன்றும்தான் இருந்தன. "குரோம்புக் போதும் மாப்ளே" என்றார். மாதக் கடைசியில் கடைக் கணக்குக்கு டேலி திறப்பாரே, அது அவருக்கு நினைவிலேயே இல்லை.

படி 2: பிரவுசருக்குள் ஓடாதது எது?

பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் அதை வட்டமிடுங்கள். டேலி, ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து போடும் யூஎஸ்பி டோக்கன், பழைய பிரிண்டர் மென்பொருள் எல்லாம் விண்டோஸை நம்பியவை. வட்டம் விழுந்தால் குரோம்புக்கை மறந்துவிடுங்கள்.

மலிவு விண்டோஸ் லேப்டாப் சில 'எஸ் மோட்'டில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே அதில் நிறுவ முடியும். காசு கொடுக்காமலே அதிலிருந்து வெளியே வரலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. பயப்பட வேண்டியதில்லை.

படி 3: பின்னால் மாற்ற முடியாததைப் பாருங்கள்

கடைக்காரர் பிராசஸர் பெயரைத்தான் சொல்வார். நீங்கள் ரேமையும் சேமிப்பிடத்தையும் கேளுங்கள். இந்த விலையில் இரண்டும் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட வழியில்லை.

64 ஜிபி ஈஎம்எம்சி (மலிவு லேப்டாப்பில் வரும் சேமிப்புச் சில்லு) என்று பெட்டியில் போட்டிருப்பதை விண்டோஸ் ஏறக்குறைய 59 என்றுதான் காட்டும். அதில் விண்டோஸே 25, 30 ஜிபியைத் தின்றுவிடும். மிச்சத்தில் உங்கள் மென்பொருள், வாட்ஸப் படங்கள், வருடாவருடம் வரும் பெரிய அப்டேட்டுக்கான காலியிடம். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். பாட்டுக்கும் படத்துக்கும் சரி, விண்டோஸ் உட்காரும் இடத்தை அது பெரிதாக்காது.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்கிறது மைக்ரோசாஃப்ட். அது ஓடுவதற்கான அளவு, நிம்மதியாக ஓடுவதற்கானது அல்ல. என்னைக் கேட்டால், விண்டோஸுக்கு 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். குரோம்புக்கில் 4 ஜிபியை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம்.

படி 4: ஏ4 தாள் சோதனை

11.6 அங்குலத் திரை என்பது சுமார் 25.7 செ.மீ. அகலம், 14.4 செ.மீ. உயரம். ஏ4 தாளைப் படுக்கவைத்து, பக்கவாட்டில் 4 செ.மீ., கீழே ஆறரை செ.மீ. மடித்தால் கிட்டத்தட்ட அதே அளவு வந்துவிடும். இருக்கும் கணினியில் எக்ஸெல் சாளரத்தை அந்த அளவுக்குச் சுருக்கி அரை மணி நேரம் வேலை பாருங்கள். கழுத்து சொல்லிவிடும்.

படி 5: கடையில் நின்றபடி

நோட்பேடைத் திறந்து தமிழ் 99 விசைப்பலகை முறையில் 'ஷாஜஹான்' என்று அடியுங்கள். ஷ, ஜ, ஹ மூன்றும் விசைப்பலகையின் இடப்பக்கம் ஷிஃப்டோடு வருபவை. வலது கைச் சுண்டுவிரல் ஷிஃப்டைத் தேட வேண்டும், சின்ன லேப்டாப் சிலவற்றில் அந்த விசையைத்தான் குறுக்கி வைத்திருப்பார்கள். மூன்று தடவை அடித்தும் தடுமாறினால் வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள். திரையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் சாய்த்து, நிறம் வெளிறுகிறதா என்றும் பாருங்கள்.

குரோம்புக் என்றால் அப்டேட் எந்த ஆண்டு வரை என்று கூகுள் பக்கத்தில் மாடல் பெயரைத் தேடுங்கள். 2021 முதல் வந்தவற்றுக்கு 10 ஆண்டு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு அந்த வகை முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் குவித்து வைத்திருக்கும் பழைய சரக்கில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

படி 6: அதே காசுக்கு வேறு என்ன?

கம்பெனிகள் கழித்துவிட்ட 14 அங்குல லேப்டாப்பை சுத்தம் செய்து விற்கிறார்கள். இன்டெல் பிராசஸர் என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும், அதற்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துபோயிற்று. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதை மட்டும் கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

மச்சான் கடைசியில் அப்படி ஒன்றைத்தான் வாங்கினார். டேலி ஓடுகிறது. பைக்குள் அடங்கவில்லை என்று மட்டும் இன்னும் முணுமுணுக்கிறார்.