இலைச்சாறு இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என்று சோதிக்கும் முறை

இலையை அரைப்பதற்கு முன்பே சோதனை தொடங்கிவிடுகிறது. தாவரவியலாளரைக் கொண்டு இனத்தை உறுதிசெய்து, பூவோ காயோ உள்ள கிளையொன்றை உலர்த்தி, உலர்தாவரக் காப்பகத்தில் எண்ணிட்டு வைக்க வேண்டும். அது இல்லையேல் பின்னர் கிடைக்கும் எந்த முடிவையும் பிறர் சரிபார்க்க இயலாது. இலைகளை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ 70 சதவீத எத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சிய சாரத்தை எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஆஞ்சியோடென்சினை இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் வடிவத்துக்கு மாற்றும் நொதியைச் சாரம் தடுக்கிறதா என்று பார்க்கலாம். ஹிப்யூரில்-ஹிஸ்டிடில்-லியூசின் என்னும் சிறு பெப்டைடை இந்நொதி வெட்டும்போது வெளிவரும் ஹிப்யூரிக் அமிலத்தை 228 நானோமீட்டர் அலைநீளத்தில் அளப்பது 1971 முதல் வழங்கிவரும் முறை. ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள கட்டமும் இதுவே. இலையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், இந்நொதி என்றில்லாமல் பல புரதங்களையும் பற்றிக்கொள்ளும். பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்களோ அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சி அளவீட்டைக் குழப்பும். ஆகவே நொதி சேர்க்காத கலவை, டானின் நீக்கிய சாரம், இந்நொதியைத் தடுக்கும் ஒப்பீட்டு மருந்தான கேப்டோபிரில் ஆகிய மூன்றையும் உடன்வைத்தே சோதிக்க வேண்டும். டானினை நீக்கியதும் தடுப்பாற்றல் மறைந்துபோனால், அதை மருந்துக் குணமாகக் கொள்வது தவறு.

விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி தேவை. பிறவியிலேயே உயர் அழுத்தம் கொள்ளும் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கரைப்பானை மட்டும், ஒன்றுக்குக் கேப்டோபிரிலை, மற்றவற்றுக்குச் சாரத்தை வெவ்வேறு அளவுகளில் தர வேண்டும். வாலைச் சற்றே சூடாக்கி, அதில் சுற்றிய பட்டையில் காற்றேற்றி நாடித்துடிப்பை நிறுத்தி, காற்றை மெல்ல இறக்கும்போது துடிப்பு திரும்பும் கணத்தில் காட்டும் அளவே சுருங்கழுத்தம், அதாவது இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம். அஞ்சிய எலியின் அழுத்தம் தானாகவே ஏறும் என்பதால், அளவெடுப்பதற்குச் சில நாள் முன்பிருந்தே அளக்கும்போது அதை அசையாமல் அடைத்துவைக்கும் கூண்டுக்குழாய்க்குப் பழக்குவதில் பொறுமை காட்ட வேண்டும். எந்தக் குழு எது என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது.

சாரத்தைச் சிரை வழியே செலுத்துவதாயின், இலையில் உள்ள பொட்டாசியமே அழுத்தத்தைத் தாழ்த்தக்கூடும். அதே அளவு பொட்டாசியம் குளோரைடைத் தனியே செலுத்தி ஒப்பிட்டாலொழிய ஐயம் தீராது. உடல் எடையையும் தீனியின் அளவையும் நாள்தோறும் பதிவுசெய்வதும் கட்டாயம், ஏனெனில் நச்சுத்தன்மையால் சோர்ந்து உண்ணாதிருக்கும் எலியின் அழுத்தமும் குறையவே செய்யும்.