சுருட்டை முடிக்கு மருதாணி: நிறம் வந்தது, சுருள் எங்கே?

நேரான முடிக்காரர் சொன்ன மருதாணிக் குறிப்பை அப்படியே எடுத்துச் சுருட்டை முடியில் பூசுவதுதான் முதல் தவறு. நிறம் குறையில்லாமல் வரும். சுருளுக்கு என்ன ஆகும் என்பது மட்டும் அந்தக் குறிப்பில் இருக்காது. எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது. மாதாமாதம் வேரிலிருந்து நுனிவரை தாராளமாகப் பூசிக்கொண்டிருந்தேன். முடியும் பளபளவென்று தடித்துக்கொண்டே வந்தது. ஒருநாள் பழைய புகைப்படம் ஒன்று கையில் கிடைத்தபோதுதான் பார்த்தேன், நெற்றியோரம் சுருண்டு நின்ற முடியெல்லாம் இப்போது வெறும் அலையாகத் தொங்குகிறது.

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. அது முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஷாம்பூ போட்டுத் தேய்த்தாலும் போகாமல் இருப்பது அதனால்தான். அடுத்த முறை பூசும்போது பழைய பூச்சின் மேல் இன்னும் கொஞ்சம் சேரும். முடி தடிக்கும், விறைக்கும், கனக்கும். நேரான முடிக்கு இது லாபம். சுருளுக்கோ ஸ்பிரிங்கின் நுனியில் எடை கட்டியதுபோல. தளர்ந்த, மெல்லிய சுருள் உள்ளவர்களுக்கு முதல் தடவையிலேயே வித்தியாசம் தெரியலாம். இறுகிய, தடித்த சுருள் உள்ளவர்கள் பல தடவை பூசியும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். லேசான தளர்ச்சி என்றால் சில தலைக்குளியலில் ஓரளவு சரியாகும். அடுக்கடுக்காகப் பூசிப் படிந்ததோ வளர்ந்து வெட்டினால்தான் போகும்.

ஆகவே முழு நீளத்துக்கும் ஒரு முறை போதும். அப்புறம் புதிதாக வளரும் வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசுங்கள். பளபளப்புக்காக மாதாமாதம் முழுத்தலைக்கும் பூசும் வழக்கம் சுருட்டை முடிக்கு ஆகாது என்பது என் முடிவு. முழுத்தலைக்கும் போட்டே ஆக வேண்டுமென்றால், மருதாணிப் பொடியின் அளவில் கால் பங்கு நெல்லிக்காய்ப் பொடி சேர்த்துக் குழையுங்கள். சுருள் தளர்வது குறைகிறது என்று சுருட்டை முடிக்காரர்கள் பலர் சொல்கிறார்கள், என் அனுபவமும் அதுவே. செம்பு நிறம் கொஞ்சம் அடங்கிப் பழுப்பாகும், அவ்வளவுதான்.

பொடி வாங்குவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மருதாணிக்கு ஒரே நிறம்தான்: ஆரஞ்சு கலந்த சிவப்பு. கருப்பு மருதாணி என்று ஒரு செடியே கிடையாது. அந்தப் பெயரில் வரும் பொட்டலம் பல நேரம் பாரா-பினைலின்டையமின், சுருக்கமாகப் பிபிடி என்ற ரசாயனம் கலந்த சாயம்தான். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலைத்தோலும் காதோரமும் அரிக்கும், கொப்புளிக்கும், முகமே வீங்கிவிடும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். சாதாரண ஹேர் டைகூடப் பிறகு போட முடியாமல் போகும். சில கலவைகளில் உலோக உப்புகளும் சேர்த்திருப்பார்கள். அந்த முடியில் பின்னாளில் பெராக்சைடு உள்ள சாயமோ ப்ளீச்சோ பட்டால் முடி சூடேறி முறிந்துபோகும். உட்பொருள் பட்டியலில் மருதாணி இலைப்பொடி மட்டும் இருக்க வேண்டும். பட்டியலே இல்லாத பொட்டலம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பத்து நிமிடத்தில் நிறம் பிடிக்கும் என்று சொன்னால் உள்ளே இருப்பது மருதாணி மட்டுமல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான மருதாணியையும் கொஞ்சம் குழைத்து முழங்கையின் உட்புறம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிடுவது நல்லது. ஜி6பிடி நொதிக் குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்கள் மருதாணிப் பக்கமே போகக் கூடாது. லாசோன் அவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குழந்தைகளுக்கு இது உயிராபத்துவரை போயிருக்கிறது.

இன்னொரு சோதனையையும் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். சீப்பில் வரும் முடியை நாலு நாள் சேர்த்து வைத்து, அதில் பூசிப் பாருங்கள். மருதாணி முடியின் நிறத்தை வெளுக்காது, உள்ள நிறத்தின் மேல் சிவப்பை ஏற்றும், அவ்வளவே. கருமுடியில் வெயில் பட்டால் மட்டும் ஒரு செம்மை தெரியும். வெள்ளை முடியோ பளீரென்று செம்பு நிறமாகிவிடும். பாதி நரைத்த தலையில் இரண்டும் கலந்து நிற்கும். அது பிடிக்குமா பிடிக்காதா என்பதை அந்தச் சின்ன முடிக்கற்றையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குழைப்பதில் ஆளாளுக்கு ஒரு செய்முறை வைத்திருக்கிறார்கள். முட்டை, தயிர், காப்பித்தூள், எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு ஒரு சமையலே நடக்கும். காப்பியின் கறை நாலு குளியலில் போய்விடும், வாசனைதான் மிச்சம். முட்டையிலும் தயிரிலும் உள்ள புரதம் சாயத்தின் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் முடிக்கும் சாயத்துக்கும் நடுவே திரை போடும். சுருட்டை முடிக்கு ஈரப்பதம் வேண்டும்தான்; அதைக் கழுவிய பிறகு கொடுங்கள்.

எலுமிச்சைச் சாறு வேறு கதை. லேசான புளிப்பு சாயம் நிதானமாக வெளிவர உதவும் என்பது உண்மை. ஆனால் சாற்றிலேயே பொடியைக் குழைத்து மணிக்கணக்கில் தலையில் வைத்தால் சுருட்டை முடி நாராகிவிடும். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்க முடியாததால் இந்த முடி ஏற்கெனவே வறண்டது. புளிப்புக்கு நெல்லிக்காய்ப் பொடியே போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் குழையுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், சாயம் சட்டென்று வெளிவந்து சீக்கிரமே வலுவிழக்கும். அறையின் சூட்டைப் பொறுத்துச் சில மணி நேரமோ, ஓர் இரவோ ஊற விடுங்கள். மேல்பரப்பு பழுப்பாகி, உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்தால் சில நிமிடத்தில் ஆரஞ்சாகப் பிடிக்கிறது என்றால் தயார்.

நீலச் சாயம் தரும் அவுரிப் பொடி சேர்த்து அடர்பழுப்போ கருப்போ கொண்டுவர நினைப்பவர்கள் இதே முறையை அதற்கும் செய்து ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவுரிக்குப் புளிப்பும் ஆகாது, ஊறலும் ஆகாது. பூசுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் வெறும் தண்ணீரில் குழைத்தால் சரி.

இனிப் பூசுவது. எண்ணெய்த் தலையில் பூசாதீர்கள். முந்தைய நாள் வைத்த கண்டிஷனர், ஜெல் எல்லாம் போக ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டு, பொடி தொடுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிடுங்கள். களிம்பு பட்ட பிறகு சீப்பு விட்டால் சுருட்டை முடி முறியும், அந்த நேரத்தில் சிக்கும் இரட்டிப்பாகும். சுருண்ட முடி பார்க்கத்தான் குட்டை. இழுத்துப் பார்த்தால் அளவு புரியும். தோள்வரை வரும் அடர்ந்த சுருளுக்கு 100 கிராம் பொடி பாதியிலேயே தீர்ந்துவிடும். 200 கிராமாவது வேண்டும். எட்டுப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய வகிடாக எடுத்து, கையாலேயே வேரில் அழுத்திப் பூசுங்கள். மேலோட்டமாகத் தடவினால் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் திட்டுத்திட்டாக விட்டுப்போகும். நரை தெரியும்போதுதான் அது கண்ணில் படும்.

முடிந்ததும் ஷவர் கேப்போ பிளாஸ்டிக் உறையோ கட்டாயம். திறந்து விட்டால் களிம்பு காய்ந்து மண்கட்டியாகும், காய்ந்த பகுதி நிறமும் ஏற்றாது, கழுவும்போது முடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். 2 முதல் 4 மணி நேரம் போதும். இரவு முழுக்க வைத்துத் தூங்கினால் கழுத்து வலியும் தலையணை உறைக் கறையும்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

கழுவும் வேலைதான் எல்லோரும் குறைத்து எடைபோடுவது. நான் முதல் தடவை சலிக்காத முரட்டுப் பொடியை வாங்கிவிட்டு ஒரு வாரம் தலையிலிருந்து இலைத்துணுக்கு உதிர்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் சலித்த, மாவு போன்ற பொடி வாங்குங்கள். குழாயடியில் நின்று தேய்க்காமல், வாளித் தண்ணீரில் தலையை முக்கி அலசுங்கள். இரண்டு மூன்று வாளி பிடிக்கும். பிறகு கை நிறையக் கண்டிஷனர் போட்டு வழுக்கி எடுத்தால் மிச்சம் வந்துவிடும். இரண்டு நாள் ஷாம்பூ வேண்டாம்.

முதல் நாள் நரை கேரட் நிறத்தில் மின்னும். பயந்துபோய் அன்றைக்கே மேலே வேறு சாயம் ஏற்றுவது, ப்ளீச் செய்வது இரண்டுமே தவறு. காற்றுப் பட்டு இரண்டு மூன்று நாளில் நிறம் தானாக அடர்ந்து இறங்கும். அவுரி போட்ட முடியில் ப்ளீச் பட்டால் பச்சை நிறம் எட்டிப் பார்க்கும். அதைச் சரிசெய்வது இதைவிடப் பெரிய தலைவலி. நிறம் அடரும் அந்த முதல் சில நாட்களில் முடி கொஞ்சம் முரடாகவும் சுருள் சோர்ந்தும் இருக்கும். புரதம் சேர்ந்த மாஸ்க் எதுவும் போடாமல், ஈரப்பதம் தரும் கண்டிஷனரை அரை மணி நேரம் வைத்துக் கழுவுங்கள். மீந்த மருதாணிக் களிம்பை உறைபெட்டியில் வைத்து அடுத்த வேர்ப்பூச்சுக்கு எடுத்துக்கொள்ளலாம். அவுரி கலந்ததை வைத்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.